பிளான் சரி, இண்டெக்ஸும் சரி. மாலையானால் குவெரி ஏன் நகர மறுக்கிறது?

வாசகரின் கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். அவர் ஒரு சிறு நிறுவனத்தின் மென்பொருளைத் தனி ஆளாகக் கவனித்துக்கொள்பவர். பொருள்களை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் சேவை அது. பின்னணியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பதிப்பு 12. ஆர்டர் டேபிளில் சுமார் 40 லட்சம் வரிசைகள். எந்த நேரத்திலும் 400 ஆர்டர்கள் வரை வழியில் இருக்கும். ஒவ்வொன்றின் வண்டியும் எங்கே நிற்கிறது என்பதைக் கால் நிமிடத்துக்கு ஒருமுறை அதே டேபிளில் அப்டேட் செய்கிறார்கள். ‘வழியில் உள்ளவை’ என்ற திரை காலையில் சட்டென்று வந்துவிடுகிறது. மாலை ஆறு மணிக்கு அதே திரைக்கு ஒன்பது நொடி ஆகிறது. ஆறு மாதமாக இதே கதை.

இதற்கிடையே அவர் பதினொரு இண்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்கள்) சேர்த்திருக்கிறார். ஒர்க்_மெம் (குவெரியின் வேலைகளுக்கான மெமரி வரம்பு) அளவை 512 எம்பியாக உயர்த்தி, ஒருநாள் சர்வரே விழுந்தது. பெரிய சர்வருக்கு மாறியும் பலனில்லை. தினமும் நள்ளிரவில் டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்கிறார். அதனால்தான் காலையில் வேகம் திரும்புகிறது என்று நம்புகிறார். பொறுக்க முடியாமல் இரண்டொரு முறை மந்தமான குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ‘கில் -9’ என்ற வலுக்கட்டாயமாகக் கொல்லும் கட்டளை போட்டு நிறுத்தியபோதும் வேகம் திரும்பியதாம். ஆட்டோவேக்யூமை (குப்பையைத் தானாக அகற்றும் வேலை) நிறுத்து, எஃப்சிங்க்கை (எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதிசெய்யும் அமைப்பு) அணை, வாராவாரம் வேக்யூம் ஃபுல் ஓட்டு என்று நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். டேட்டாபேஸையே மாற்றிவிடலாம் என்கிறார் மேலாளர். அனுப்பிய எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் (குவெரி ஓடிய வழியை, அதாவது பிளானைக் காட்டும் கட்டளை) விவரத்தில் இண்டெக்ஸ் பயன்படுகிறது, வெளிவரும் வரிசைகளும் 400தான். “எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. எங்கே தவறு?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, கையெழுத்துக்கு மேலே கடைசி வரியில். கணக்குப் பிரிவினரின் அறிக்கை மென்பொருள் காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் அன்று முழுக்க மூடுவதே இல்லை. திறந்ததும் ‘யார் பார்த்தது’ என்று ஒரு பதிவு டேபிளில் ஒரு வரிசை எழுதுகிறது. ஆட்டோ கமிட் (ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே தானாக முடித்துவைக்கும் வசதி) அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. அந்த மென்பொருள் வந்தும் ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினொரு இண்டெக்ஸ்களைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையை அப்டேட் செய்தால் பழையது அழிந்துவிடாது. பழைய பிரதி இருந்த இடத்திலேயே கிடக்கும். பக்கத்தில் புதிய பிரதி ஒன்று எழுதப்படும். அந்தக் கணத்துக்கு முன்பே ஆரம்பித்த வேலைத்தொகுதி, அதாவது டிரான்சாக்‌ஷன் எதுவும் பழையதைக் கேட்கக்கூடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இனி யாருக்கும் தேவைப்படாது என்று உறுதியான பிறகே செத்த பிரதிகளை வேக்யூம் என்ற துப்புரவு வேலை அகற்றும். ஆனால் ஒன்பது மணிக்குத் தொடங்கிய ஒரு டிரான்சாக்‌ஷன் முடியாமல் நின்றால், ஒன்பது மணிக்குப் பின் செத்த எந்தப் பிரதியையும் வேக்யூம் தொட முடியாது. இப்படித் தொடங்கியதை முடிக்காமல் திறந்து கிடக்கும் கனெக்‌ஷன் ஒன்று போதும், டேபிள் முழுக்க அன்றைய குப்பை அப்படியே தேங்கிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். இயல்பான ரீட் கமிட்டட் நிலையில், வெறுமனே ஒரு குவெரி ஓட்டிவிட்டுச் சும்மா இருக்கும் டிரான்சாக்‌ஷன் வழக்கமாக வேக்யூமைத் தடுக்காது. குவெரி முடிந்ததும் அதன் பிடி விட்டுவிடும். உங்கள் அறிக்கை மென்பொருளோ வாசித்ததோடு நிற்கவில்லை, ஒரு வரிசை எழுதியிருக்கிறது. எழுதியதும் அதற்கென ஒரு டிரான்சாக்‌ஷன் எண் கிடைத்துவிடுகிறது. கமிட் (உறுதிசெய்தல்) அல்லது ரோல்பேக் (ரத்து) ஆகும்வரை அந்த எண் உயிரோடு நிற்கும், வேக்யூமின் எல்லையும் அங்கேயே நிற்கும். ‘யார் பார்த்தது’ என்று குறித்துவைக்கும் அந்த நல்லெண்ணப் பதிவுதான் உங்கள் மாலை நேரத்தைக் கெடுக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 ஆர்டர்கள், நிமிடத்துக்கு நான்கு அப்டேட், ஒன்பது மணி நேரம்: எட்டரை லட்சத்துக்கு மேல் செத்த பிரதிகள். அத்தனையும் ‘வழியில்’ என்ற ஸ்டேட்டஸோடு செத்தவை. உங்கள் திரை ஸ்டேட்டஸ் இண்டெக்ஸ் வழியே தேடுகிறது. இண்டெக்ஸில் இருக்கும் குறிப்பை வைத்து ஒரு பிரதி உயிருள்ளதா செத்ததா என்று சொல்ல முடியாது. டேபிளுக்கே போய்ப் பார்க்க வேண்டும். 400 உயிருள்ள வரிசைகளுக்காக லட்சக்கணக்கான செத்த பிரதிகளைப் புரட்டுகிறது.

அப்படியானால் பிளானில் ஏன் தெரியவில்லை? இதுதான் பலரையும் ஏமாற்றும் இடம். ஃபில்டரில் நீக்கப்பட்டவை என்று எக்ஸ்ப்ளெயின் காட்டும் எண்ணிக்கையில் செத்த பிரதிகள் சேராது. அவற்றைக் காட்டிக்கொடுப்பது, எத்தனை பக்கங்கள் புரட்டப்பட்டன என்று சொல்லும் பஃபர்ஸ் என்ற வரி மட்டுமே. உங்கள் விவரத்தில் அது ஏறக்குறைய 6 லட்சம் என்று இருக்கிறது. ஒரு பக்கம் 8 கேபி. 400 வரிசைகளை எடுக்க நாலரை ஜிபிக்கு மேல் புரட்டியிருக்கிறீர்கள். இனி எந்தக் குவெரியை ஆராய்ந்தாலும் நொடிகளுக்கு முன்னால் இந்த வரியைப் பாருங்கள். (எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் குவெரியை உண்மையிலேயே ஓட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். அப்டேட், டெலீட் போன்றவற்றை ஆராயும்போது பிகின் போட்டு ஆரம்பித்து ரோல்பேக்கில் முடியுங்கள்.)

ரீஸ்டார்ட் உண்மையில் என்ன செய்கிறது?

ரீஸ்டார்ட் செய்தால் ‘மெமரி சுத்தமாகி’ வேகம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் டேட்டாபேஸின் கேஷ் காலியாகிவிடும். அதனால் சற்று நேரம் மந்தமாக வேண்டுமே தவிர வேகமாக வழியில்லை. நடப்பது வேறு: எல்லாக் கனெக்‌ஷனும் அறுபடுகிறது, அவற்றோடு அறிக்கை மென்பொருளின் டிரான்சாக்‌ஷனும் முடிகிறது. தடை விலகியதும் ஆட்டோவேக்யூம் இரவிலேயே குப்பையை அள்ளிவிடுகிறது.

‘கில் -9’ பலித்ததற்கும் இதே விளக்கம்தான். போஸ்ட்கிரெஸின் ஒரு பிராசஸ் அப்படிச் செத்தால், பகிர்ந்துகொள்ளும் மெமரி கெட்டிருக்கலாம் என்று எண்ணித் தாய் பிராசஸ் மற்ற எல்லாச் செஷன்களையும் துண்டித்து, கிராஷ் ரெக்கவரி ஓட்டிவிட்டுத்தான் மீண்டும் திறக்கும். நீங்கள் குறிவைத்தது ஒரு குவெரியை, விழுந்தது எல்லோரும். அந்த நேரத்தில் பாதியில் நின்ற ஆர்டர்களும் அதில் அடக்கம். இனி அதைத் தொடவே வேண்டாம். ஓடும் குவெரியை மட்டும் நிறுத்த பிஜி_கேன்சல்_பேக்எண்ட், செஷனையே முடிக்க பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் என்று இரண்டு ஃபங்ஷன்கள் அதற்கென்றே இருக்கின்றன.

டெஸ்ட் சர்வரில் ஏன் எப்போதும் வேகம் என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே யாரும் அறிக்கையைத் திறந்துவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதில்லை.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்லியிருக்கிறேன். உறுதி உங்கள் சர்வரில்தான் கிடைக்கும். எதையும் மாற்றாமல், மந்தமாக இருக்கும் ஒரு மாலையில் இதைச் செய்யுங்கள். இப்போதுள்ள செஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வியூவை எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட் (xact_start, டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம்) நெடுவரிசையின்படி அடுக்குங்கள். காலை ஒன்பது மணியைக் காட்டியபடி, ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ நிலையில், பேக்எண்ட்_எக்ஸ்ஐடி (டிரான்சாக்‌ஷன் எண்) நெடுவரிசையில் ஓர் எண்ணோடு ஒரு செஷன் இருந்தால் ஆள் கிடைத்துவிட்டார். அடுத்து, ஆர்டர் டேபிள் மேல் வேக்யூம் வெர்போஸ் ஓட்டுங்கள். இது டேபிளைப் பூட்டாது, வேலை நேரத்திலும் ஓட்டலாம். செத்தும் இன்னும் அகற்ற முடியாத பிரதிகள் இத்தனை என்று அது சொல்லும். அந்த எண் லட்சங்களில் இருந்தால் என் ஊகம் சரி.

பிறகு கணக்குப் பிரிவினரிடம் சொல்லி அறிக்கையை மூடச் செய்யுங்கள். முடியாவிட்டால் அந்தச் செஷனை மட்டும் டெர்மினேட் செய்யுங்கள். கமிட் ஆகாத அந்த ஒற்றைப் பதிவு மட்டும் போகும். மறுபடி வேக்யூம் ஓட்டித் திரையைத் திறந்து பாருங்கள். ரீஸ்டார்ட் இல்லாமலே வேகம் திரும்பினால், மேலாளரிடம் காட்ட அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

நிரந்தரத் தீர்வுக்கு மூன்று வழிகள் உண்டு. சிறந்தது, அறிக்கை மென்பொருளில் அந்தப் பதிவை எழுதிய உடனே கமிட் செய்வது. ஒரு வரி வேலை. மென்பொருளை எழுதியவர்கள் வெளியாட்கள், திருத்தத் தாமதமாகும் என்றால், அந்த மென்பொருள் நுழையும் யூசருக்கு மட்டும் ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற அமைப்பைப் பத்து நிமிடமாக வையுங்கள். 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. இயல்பில் அணைந்தே கிடக்கும். ஆனால் நேரம் கடந்ததும் கனெக்‌ஷன் அறுபடும், அந்தப் பிழையை மென்பொருள் எப்படித் தாங்குகிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் எல்லா யூசருக்கும் போட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது, அறிக்கைகளை ஒரு ரெப்ளிகாவுக்கு (மெயின் சர்வரின் நகல்) அனுப்புவது. வாசிக்க மட்டுமே முடியும் என்பதால் அந்த ‘யார் பார்த்தது’ பதிவை அங்கே எழுத முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக் (ரெப்ளிகா தன் தேவையை மெயின் சர்வருக்குத் தெரிவிக்கும் அமைப்பு) இயங்கினால் ரெப்ளிகாவின் நீண்ட குவெரியும் மெயின் சர்வரின் வேக்யூமைத் தடுக்கும், அணைத்தால் நீண்ட அறிக்கைகள் பாதியில் ரத்தாகக்கூடும், இயல்பான பொறுமை 30 நொடிதான். உங்கள் அளவுக்கு இது இப்போது தேவையில்லை என்பது என் கருத்து.

அந்தப் பதினொரு இண்டெக்ஸ்கள்

இது கொஞ்சம் கசப்பான செய்தி. மருந்தென்று சேர்த்த ஓர் இண்டெக்ஸ் நோயை வளர்த்திருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஹாட் அப்டேட் என்று ஒரு சலுகை உண்டு. மாறும் நெடுவரிசை எதிலும் இண்டெக்ஸ் இல்லை, அதே பக்கத்தில் இடமும் இருக்கிறது என்றால், புதிய பிரதிக்காக எந்த இண்டெக்ஸையும் தொட வேண்டியதில்லை. வேறு தடை இல்லாதபோது இப்படி எழுதப்பட்ட பழைய பிரதிகளை வேக்யூம் வருவதற்கு முன்பே, அந்தப் பக்கத்தை யாராவது வாசிக்கும்போதே சுருட்டிவிட முடியும்.

வண்டியின் இடத்தைக் குறிக்கும் ஒவ்வொரு அப்டேட்டும் அப்டேட்டட்_அட் (கடைசியாக மாறிய நேரம்) நெடுவரிசையையும் மாற்றுகிறது. அதன் மேல் இண்டெக்ஸ் இல்லாதவரை அவற்றில் பெரும்பாலானவை ஹாட் அப்டேட்டாகவே போயிருக்கும். நீங்கள் அதில் இண்டெக்ஸ் போட்ட நாள் முதல், ஒவ்வொரு கால் நிமிடமும் ஒவ்வொரு ஆர்டருக்கும் டேபிளில் உள்ள எல்லா இண்டெக்ஸிலும் புதிதாக ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. ஸ்டேட்டஸ் மாறாவிட்டாலும் ஸ்டேட்டஸ் இண்டெக்ஸும் வீங்குகிறது. பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் வியூவில் மொத்த அப்டேட் எண்ணிக்கையையும் அதன் பக்கத்திலேயே இருக்கும் ஹாட் அப்டேட் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது மிகச் சிறியதாக இருந்தால் நான் சொல்வது புரியும்.

அப்டேட்டட்_அட் இண்டெக்ஸை எடுத்துவிடுங்கள். திரையில் நீண்ட நேரம் அசையாத வண்டி மேலே வர வேண்டும் என்பதற்காகச் சேர்த்ததாக எழுதியிருந்தீர்கள்; 400 வரிசைகளை மெமரியில் அடுக்க இண்டெக்ஸ் எதற்கு? மற்றவற்றில் எது உதவுகிறது என்று பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸ் சொல்லும். ஸ்கேன் எண்ணிக்கை பூஜ்யமாக இருப்பவை வெளியேறலாம். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகள் முடியும்வரை பொறுத்துப் பாருங்கள். பிரைமரி கீ, யூனிக் இண்டெக்ஸ்களைத் தொடாதீர்கள். நீக்குவதும் சேர்ப்பதும் கன்கரண்ட்லி என்ற சொல்லைச் சேர்த்தே இருக்கட்டும், இல்லையேல் டேபிள் பூட்டப்படும். கன்கரண்ட்லியாகக் கட்டும்போது பாதியில் தோற்றால் ‘இன்வேலிட்’ என்ற அரைகுறை இண்டெக்ஸ் தங்கிவிடும். அது குவெரிக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் செலவு வைக்கும். அப்படி ஏதாவது கிடக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

உங்கள் தினசரிப் பட்டியல் ஆர்டர் தேதி இண்டெக்ஸைக் கண்டுகொள்வதே இல்லை என்ற குறைக்குக் காரணம் எளிது. நெடுவரிசையை டேட் ஃபங்ஷனுக்குள் வைத்து ஒப்பிடுகிறீர்கள். இண்டெக்ஸ் வெறும் நெடுவரிசையின் மேல் இருக்கிறது. இன்று தொடங்கும் நேரத்துக்குச் சமம் அல்லது மேல், நாளை தொடங்கும் நேரத்துக்குக் கீழ் என்று எழுதினால் அதே இண்டெக்ஸ் வேலை செய்யும்.

வீங்கிய இண்டெக்ஸ்கள் தாமாக இளைக்காது. குப்பைத் தடை விலகிய பிறகு, மிச்சமிருப்பவற்றை ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி மூலம் ஒருமுறை புதிதாகக் கட்டுங்கள். பதிப்பு 12-லேயே இருக்கிறது. டேபிளின் ஃபில்ஃபேக்டரை (பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்ற அளவு) 100-லிருந்து 85 போல இறக்கினால் பக்கங்களில் இடம் மிஞ்சி ஹாட் அப்டேட்டுக்கு வழி பிறக்கும். புதிதாக எழுதப்படும் பக்கங்களுக்குத்தான் அது பொருந்தும்.

நண்பர்களின் யோசனைகள்

ஆட்டோவேக்யூம் “எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதுதான் சர்வரைத் தின்கிறது” என்று ஒருவர் சொன்னாராம். ஓடுவது உண்மை. அள்ள முடியாத குப்பையைச் சுற்றி வந்து, வெறுங்கையோடு திரும்பி, அடுத்த சுற்றில் மீண்டும் வருகிறது. வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டிருந்தால் பெருக்குகிறவரை வேலையைவிட்டு நிறுத்துவோமா? அதை அணைத்தால் பிளானருக்கான (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவுசெய்யும் பகுதி) புள்ளிவிவரங்களும் தானாகப் புதுப்பிக்கப்படாது. டிரான்சாக்‌ஷன் எண்கள் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து சுற்றி வரும் ஆபத்துக்காக, ஒரு டேபிளின் வயது 20 கோடி டிரான்சாக்‌ஷனைக் கடந்ததும் நீங்கள் அணைத்திருந்தாலும் அது கட்டாயமாகக் கிளம்பும், அதுவும் நீங்கள் எதிர்பாராத நேரத்தில். இன்னும் சுறுசுறுப்பாக்குவதே சரி. இயல்பில் டேபிளின் 20 சதவீதம் செத்த பிறகுதான் அது வரும். 40 லட்சத்துக்கு 8 லட்சம். ஆர்டர் டேபிளுக்கு மட்டும் அந்த விகிதத்தை 0.2-லிருந்து 0.01-க்கு இறக்குங்கள்.

எஃப்சிங்க்கை அணைப்பது பற்றி ஒரே பதில்: கூடாது. மின்சாரம் ஒருமுறை போனால் டேட்டா திரும்பப் பெற முடியாதபடி சிதையலாம். தவிர, உங்கள் சிக்கல் வாசிப்பில், எழுதுவதில் அல்ல.

வாராவாரம் வேக்யூம் ஃபுல் வேண்டாம். அது டேபிளை முழுதாகப் புதிதாக எழுதும். முடியும்வரை ஒருவரும் வாசிக்கக்கூட முடியாது, எழுதி முடிக்கும்வரை கூடுதலாக டிஸ்க் இடமும் வேண்டும். சாதாரண வேக்யூம் காலியாக்கும் இடத்தை அடுத்த அப்டேட்டுகள் பயன்படுத்திக்கொள்ளும், அது போதும்.

ஒர்க்_மெம் என்பது ஒரு கனெக்‌ஷனுக்கான அளவு என்று எண்ணியிருக்கிறீர்கள். ஒரு குவெரியில் உள்ள ஒவ்வொரு சார்ட் (அடுக்குதல்), ஒவ்வொரு ஹேஷ் (பொருத்திப் பார்த்தல்) வேலைக்கும் தனித்தனியே அந்த அளவு வரை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் 40 வேலைகள் 512 எம்பி வரை எடுத்தால் 20 ஜிபி. அன்று சர்வர் விழுந்தது லினக்ஸ் மெமரி போதாமல் ஒரு பிராசஸைக் கொன்றதால்தான் இருக்கும். சிஸ்டம் லாகில் பாருங்கள். பொதுவாக 16 எம்பிக்கு இறக்கிவிட்டு, அறிக்கை யூசருக்கு மட்டும் சற்று உயர்த்திக் கொடுங்கள்.

மேலாளரிடம் என்ன சொல்வது?

டேட்டாபேஸை மாற்றினால் இது தீராது. பழைய பிரதிகளை வைத்திருக்கும் முறை போஸ்ட்கிரெஸுக்கு மட்டும் உரியதல்ல. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியிலும் நீண்ட டிரான்சாக்‌ஷன் ஒன்று திறந்து கிடந்தால் பழைய பிரதிகளின் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் உழைத்து மாறினாலும் அதே அறிக்கை மென்பொருள் அங்கேயும் ஒன்பது மணிக்குத் திறக்கும்.

ஆனால் பதிப்பு மாற்றம் வேண்டும். பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவுதான். 12-க்கு 2024 நவம்பரோடு முடிந்துவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள்கூட வராது. உங்களுக்கு நேரடி லாபமும் உண்டு: பதிப்பு 13 ஒரே மதிப்புள்ள இண்டெக்ஸ் குறிப்புகளைச் சுருக்கி வைக்கிறது, 14 அப்டேட்டால் குவியும் பழைய குறிப்புகளை இண்டெக்ஸ் பக்கம் பிளவதற்கு முன்பே துடைக்கப் பார்க்கிறது. நீண்ட டிரான்சாக்‌ஷனை இவை எதுவும் சரிசெய்யாது என்பதால் முதலில் அறிக்கையைத் திருத்துங்கள், ஒரு மாதம் நிதானமாகப் பார்த்துவிட்டுப் பதிப்பை உயர்த்துங்கள். பிஜி_அப்கிரேட் மூலம் 18-க்குக் கீழுள்ள பதிப்புக்குப் போனால் பிளானரின் புள்ளிவிவரங்கள் உடன் வராது. முடிந்ததும் அவற்றைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டாமல் கடையைத் திறந்தால், எல்லாக் குவெரியும் தடுமாறும் ஒரு காலை காத்திருக்கும்.

அறிக்கையை மூடிய பிறகும் அகற்ற முடியாத பிரதிகளின் எண்ணிக்கை குறையவில்லை என்றால் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள்: ரெப்ளிகாவுக்காக ஒதுக்கி, யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட், கமிட் ஆகாமல் நிற்கும் ப்ரிப்பேர்ட் டிரான்சாக்‌ஷன், மணிக்கணக்கில் ஓடும் பேக்கப் டம்ப். முன்னிரண்டும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் பிழைத்திருக்கும் என்பதால் உங்கள் விஷயத்தில் வாய்ப்புக் குறைவு. அவையும் இல்லையென்றால், வேக்யூம் வெர்போஸ் காட்டும் பழைய டிரான்சாக்‌ஷன் எண்ணையும், அதே நேரத்தில் எடுத்த பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பட்டியலையும் சேர்த்து எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர், கடவுச்சொல் எதுவும் குவெரி வரியில் தெரிந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.